கட்டத்தை வெறுமையாக விட்டவர்

அவர் “தெரியாது” என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்தமாட்டார். மற்றவர்கள் அந்தச் சொல்லை மன்னிப்புக் கேட்பதுபோலச் சொல்வார்கள், இல்லாவிட்டால் எரிச்சலோடு சொல்வார்கள். இவர், மணி என்ன என்று கேட்டவருக்கு மணி சொல்வதுபோலச் சொல்வார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதிலிருந்து பிற்பகல் மூன்றுவரை எண்ணிப் பார்த்தேன். பதினான்கு தடவை. அதில் ஐந்து எனக்குச் சொன்னவை.

எதையும் எண்ணுவது என் பழக்கம். ரயில் நிலையத்திலிருந்து நாங்கள் வேலை செய்த கட்டடத்தின் வாசல்வரை அறுநூற்றுப் பன்னிரண்டு காலடி. எண்ணாமல் நடந்தால் வீட்டு அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டேனோ என்று நெஞ்சு அடிக்கத் தொடங்கும். யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தேன். பிறகு டெனிஷ்காரர் நாட்டுக்கு வந்து, பிராண்டேயில் பத்தொன்பது வருடம் காற்றாலை உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் நின்றேன். ஓய்வு பெற்று மகளுக்குக் கிட்ட அல்பர்ட்ஸ்லுண்டுக்கு வந்தபின், எண்ணுவதற்கு வீட்டில் அதிகம் இருக்கவில்லை. “அப்பா, என்ரை வீட்டுக்கு எத்தனை யன்னல் எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் எங்கையாவது போங்கோ” என்று மகள் ஒரு படிவத்தை நிரப்பினாள். அப்படித்தான் ஓர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் களஞ்சியத்தில், செவ்வாயும் வியாழனும் சம்பளமில்லாத தொண்டனாகச் சேர்ந்தேன்.

அங்கே பூச்சிகள் இருந்தன. லாச்சி லாச்சியாக, இழுப்பறை நிறைய, குண்டூசியில் குத்தி வரிசைவரிசையாக. ஒவ்வொரு ஊசியிலும் பூச்சிக்குக் கீழே இரண்டோ மூன்றோ சின்னக் காகிதச் சீட்டுகள்: எங்கே பிடித்தது, எப்போது பிடித்தது, யார் பிடித்தது. நூறு வருடத்துக்கு முந்திய கையெழுத்துகளும் இருந்தன. எங்கள் வேலை, பூச்சியை ஊசியோடு எடுத்து, சாவணம் என்ற சின்ன இடுக்கியால் சீட்டுகளை மெல்லக் கழற்றி, பூச்சியின் பக்கத்தில் பரப்பி, புது இலக்கச் சீட்டு ஒன்றையும் வைத்துப் படம் எடுப்பது. பிறகு அதே ஒழுங்கில் சீட்டுகளைத் திரும்பக் கோர்ப்பது. அதன்பின் சீட்டில் உள்ளதைக் கணினியில் உள்ள கட்டங்களில் எழுதுவது. நாடு ஒரு கட்டம், இடம் ஒரு கட்டம், திகதி ஒரு கட்டம், அந்த இடத்தை வரைபடத்தில் காட்டும் அகலக்கோடு நெடுங்கோடு இரண்டு கட்டம். எழுதி முடித்தால் உலகத்தில் எங்கே இருப்பவரும் தன் மேசையிலிருந்தே அந்த வண்டைப் பார்க்கலாம்.

அவர் அங்கே ஒப்பந்தத்தில் இருந்தார். ஜொப்சென்டர் என்ற வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பிய பெண். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். அதற்கு முன்னர் பெரியவர்களைப் பராமரிக்கும் இல்லங்களில் வேலை. முதுகு பழுதாகியதால் இருந்து செய்யும் வேலை கேட்டிருக்கிறார். முதல் நாள் நான் கேட்டேன்: “பிள்ளை, இஞ்சை எத்தனை வண்டு இருக்கும்?”

“தெரியாது, மாஸ்டர்.”

“ஒரு குத்துமதிப்பா?”

“குத்துமதிப்பும் தெரியாது.”

நான் அன்றே அவர் ஒரு சோம்பேறி என்று முடிவு கட்டினேன். அந்த முடிவு பிழை என்று அறிய எனக்கு மூன்று கிழமை சென்றது.

எங்கள் ஆட்களுக்கு அவரைப் பிடிப்பதில்லை. அதற்கு ஒரு கதை உண்டு. அல்பர்ட்ஸ்லுண்டில் ஒரு பிறந்தநாள் விழாவில், சில்க்போர்க்கிலிருந்து வந்த ஒரு தாய் தன் மகனுக்குப் பேசியிருந்த பெண்ணைப் பற்றி இவரிடம் விசாரித்திருக்கிறார். பெண் இவருடைய மாடிக் கட்டடத்தில் இருந்தவள். “பிள்ளை எப்பிடி? நல்ல குணமோ?” இப்படிக் கேட்டால் எங்கள் சனம் சொல்வது ஒன்றுதான்: தங்கமான பிள்ளை. இவர் சொன்னது: “தெரியாது. லிஃப்ற்றிலை நாலைஞ்சு தரம் கண்டனான். ஒருக்கா எனக்குக் கதவைப் பிடிச்சவ.” அந்தத் தாய் அதற்குள் ஆயிரம் அர்த்தம் தேடினார். பேச்சு இழுபட்டது. பெண்ணின் தகப்பன் இவரிடம் வந்து, “ஒரு நல்ல சொல்லுச் சொல்ல உமக்கு வாய் நோகுதோ?” என்று கத்தினாராம்.

“கதவைப் பிடிச்சவ எண்டு சொன்னனான்தானே. அது நல்ல சொல்லுத்தானே” என்றாராம் இவர்.

கலியாணம் பிறகு நடந்தது. அந்தக் குடும்பம் மட்டும் இவரோடு கதைப்பதில்லை.

இவருடைய சொந்தக் கலியாணமும் இப்படி ஒரு சொல்லால்தான் குழம்பிப்போயிற்று என்று என் மகள் எங்கேயோ கேள்விப்பட்டு வந்தாள். பிறந்த நேரம் எழுதிய கொப்பி இடப்பெயர்வில் தொலைந்துபோனது. தாய் ஒருநாள் விடியப்புறம் என்பார், இன்னொருநாள் நல்லாய் வெளிச்சம் வந்துவிட்டது என்பார். வீட்டார் பொருந்துகிற மாதிரி ஒரு நேரத்தைப் போட்டுச் சாதகம் எழுதுவித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தபோது இவர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, “அந்த நேரம் சரியோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாராம். நான் இதைப் பற்றி அவரிடம் கேட்டதில்லை. மகள் சொன்ன கதை சரியோ என்று எனக்கும் தெரியாது. அவரோடு பழகியபின் இப்படி ஒரு வசனம் சேர்த்து எழுதவேண்டியிருக்கிறது.

வேலையில் அவருடைய கை ஆறுதலானது. நான் ஒரு வண்டை நான்கு நிமிடத்தில் முடித்தால் அவர் ஆறு நிமிடம் எடுப்பார். என் கை அவசரக் கை. முதல் மாதம் மூன்று கால்களையும் ஓர் உணர்கொம்பையும் முறித்தேன். ஒவ்வொன்றையும் அவர் சின்னக் கடதாசி உறையில் போட்டு அதே ஊசியில் குத்தி, “இருக்கிறதுதானே மாஸ்டர், எங்கையும் போகேல்லை” என்பார். அந்த மூன்று காலையும் நினைத்து நான் அன்றன்று வீட்டில் சோறு இறங்காமல் இருந்திருக்கிறேன்.

ஒருநாள் அவர் ஒரு சீட்டைச் சாவணத்தில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கினார். நெடுநேரம் பார்த்தார். “இது இந்த வண்டின்ரை சீட்டில்லை” என்றார்.

“எப்பிடித் தெரியும்?”

“ரெண்டு ஓட்டை இருக்கு. ஒருக்கா வேறை ஊசியிலை இருந்திருக்கு. பக்கத்து வண்டைப் பாருங்கோ, அதின்ரை சீட்டிலையும் ரெண்டு ஓட்டை.”

பொறுப்பாளன் லார்ஸ் ஓடிவந்தான். என் மகனாக இருக்கக்கூடிய வயது; அதனால் ‘அவன்’ என்றே எழுதுகிறேன். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தான். எப்போதோ யாரோ இரண்டு வண்டுகளின் சீட்டுகளையும் மாற்றிக் குத்திவிட்டார்கள். கிரீன்லாந்து வண்டு இத்தாலியிலும் இத்தாலி வண்டு கிரீன்லாந்திலுமாக இவ்வளவு காலமும் இருந்திருக்கின்றன. லார்ஸ் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். ஏழு பேர் கைதட்டினார்கள். அவர் அடுத்த வண்டை எடுத்தார். தெரியாது என்பவருக்குத் தெரிவது என்றால் எப்படியிருக்கும் என்று அன்று கண்டேன்.

இனி என் பிழைக்கு வருகிறேன். இவ்வளவு நேரமும் அதைத்தான் தள்ளிக்கொண்டு வந்தேன்.

கணினிக் கட்டங்களில் அவர் பலவற்றை வெறுமையாக விடுவார். வாசிக்க முடியாவிட்டால் அதற்கென்று ஒரு பொத்தான் இருந்தது, அதை அழுத்துவார். எனக்கு அது தாங்காது. இருபத்திரண்டு வருடம் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, வினாத்தாளில் எதையும் வெறுமையாக விடாதே என்பது. விட்டால் பூச்சியம். எதையாவது எழுதினால் அரைப்புள்ளியாவது கிடைக்கும். அப்படி எழுதித்தான் எங்கள் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனார்கள். ஒரு வெள்ளைக் கட்டத்தைக் கண்டால் என் விரல் தானாக எழும்பும்.

“பிள்ளை, ‘கொ’ எண்டு தொடங்குது. கொழும்பாத்தானே இருக்கும். எழுதும்.”

“கொழும்பு எண்டு இருந்தால் கொழும்பு எண்டு எழுதுவன். ‘கொ’ எண்டு இருக்கு. ‘கொ’ எண்டு எழுதிறன்.”

“உதைப் பாத்து ஆருக்கு என்ன பிரயோசனம்?”

“மாஸ்டர், இது சோதினை இல்லை. ஒருத்தரும் புள்ளி போடமாட்டினம்.”

அருங்காட்சியகத்தில் சிலோன் லாச்சிகள் சில இருந்தன. எங்கள் நாட்டுக்கு எப்போதோ போன டெனிஷ்காரர் பிடித்து வந்தவை. இவற்றை நீங்கள் இருவரும் செய்தால் நல்லது என்று லார்ஸ் எங்களிடம் தந்தான். அதில் ஒன்பது சின்ன வண்டுகள். தலைக்கு மிஞ்சிய கண்கள், நீண்ட கால்கள், முதுகில் வெளிறிய கோடு. உப்பு மண்ணில் ஓடித்திரியும் இனம். சீட்டில் ‘சிலோன்’ என்றும், அதற்குக் கீழே உப்பளம் என்று பொருள்படும் ஒரு டெனிஷ் சொல்லும். அவ்வளவுதான். திகதி அழிந்திருந்தது.

அவர் அந்த ஒன்பதையும் படமெடுக்க ஒரு முழுக் காலை எடுத்தார். அன்றுதான், கேட்காமலே, தன்னைப் பற்றி ஒரு விடயம் சொன்னார். “அப்பா ஆனையிறவு உப்பளத்திலைதான் வேலை செய்தவர். சாப்பாடு கொண்டுபோவன். இந்தச் சாமான் காலடியிலை ஓடும். பிடிக்க ஏலாது.”

“அப்ப என்ன, ஆனையிறவு எண்டு எழுதுமன்!”

அவர் வண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “மனம் அப்பிடித்தான் சொல்லுது, மாஸ்டர். மனம் சொல்லுறதை எழுத இதிலை கட்டம் இல்லை. புத்தளத்திலையும் உப்பளம் இருக்கு, அம்பாந்தோட்டையிலையும் இருக்கு. இதைப் பிடிச்ச காலத்திலை எங்கட உப்பளம் இருந்ததோ எண்டும் தெரியாது.”

இடத்துக்கு நேரே ‘உப்பளம்’ என்று மட்டும் எழுதினார். அகலக்கோடு நெடுங்கோடு வெறுமை. ஒன்பது வரிசை, பதினெட்டு வெள்ளைக் கட்டம்.

அன்று மதியம் கொம்யூன் எனப்படும் நகரசபையிலிருந்து அவருக்குத் தொலைபேசி வந்தது. கதைப்பதற்கு வெளியே போனார். தொண்டர்களுக்குக் கணினிக்குள் நுழையச் சொந்த அடையாளம் இல்லை. நான் எப்போதும் அவருடைய அடையாளத்துக்குள் இருந்துதான் வேலை செய்வேன். கதிரை காலியாக இருந்தது. பதினெட்டுக் கட்டமும் என்னைப் பார்த்தன. நான் அதில் போய் இருந்தேன். வரைபடத்தைத் திறந்து ஆனையிறவைத் தேடினேன். ரயிலில் போய்வந்த இடம், இரண்டு பக்கமும் வெள்ளை மின்னும் வெளி. உப்பளத்தின் நடுவில் ஒரு புள்ளியைத் தெரிவுசெய்து, தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம்வரை, ஒன்பது வரிசைக்கும் போட்டேன். இரண்டு தரம் சரிபார்த்தேன். அவருக்கு ஒரு நன்மை செய்கிறேன் என்று கூட நினைத்தேன். அவர் திரும்பி வந்தபோது நான் என் மேசையில் குண்டூசி எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் அந்த வரிசைகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. முடித்த லாச்சி முடிந்ததுதான்.

நான்கு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை லார்ஸ் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வந்தான். வேறொரு நாட்டில் ஆராய்ச்சி செய்யும் மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். அந்த வண்டினம் இப்போதும் அங்கே இருக்கிறதா என்று தேட இலங்கைக்குப் போகப் போகிறாள். எங்கள் ஒன்பது புள்ளிகளைக் கண்டு அந்த இடத்துக்கே போகத் தீர்மானித்திருக்கிறாள். ஆனால் படத்தில் உள்ள சீட்டில் அந்த இடத்தின் பெயர் இல்லையே, எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று கேட்டிருக்கிறாள்.

“உங்கள் ஊர்ப்பக்கம் என்பதால் அடையாளம் கண்டீர்களா?” என்று லார்ஸ் அவரிடம் கேட்டான்.

அவர் திரையைக் குனிந்து பார்த்தார். “நான் இதைப் போடவில்லை” என்றார் டெனிஷில்.

“உங்கள் பெயரில்தான் இருக்கிறது.”

“பெயர் என்னுடையதுதான். நான் போடவில்லை.”

“அப்படியானால் யார்?”

“தெரியாது.”

நான் இரண்டு கை நீளத்தில் நின்றேன். லார்ஸின் சிரிப்பு போய்விட்டது. சீட்டில் இல்லாததை எழுதுவதுதான் அங்கே எல்லாவற்றிலும் பெரிய பிழை. ஒன்றை இட்டுக்கட்டியவர் இன்னும் எத்தனையை இட்டுக்கட்டியிருப்பார் என்று எல்லா லாச்சிகளிலும் சந்தேகம் விழும். அதோடு வியாழக்கிழமை ஒப்பந்தக்காரர் ஐந்து பேரின் நீடிப்பைத் தீர்மானிக்கும் கூட்டம். அந்த ஐந்து பேரில் அவரும் ஒருவர். இதெல்லாம் எனக்குத் தெரியும். நாற்பத்தொன்பது, ஐம்பது, ஐம்பத்தொன்று என்று ஊசிகளை எண்ணினேன்.

மாலை ஒரே ரயிலில் வந்தோம்.

“பிள்ளை, நான் உம்மட கணினியிலை இருக்கிறனான் எண்டு நீர் ஏன் லார்ஸுக்குச் சொல்லேல்லை?”

“அது அவருக்குத் தெரியும்தானே.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்களோ போட்டனீங்கள்?”

நான் யன்னலைப் பார்த்தேன்.

“நான் காணேல்லை, மாஸ்டர். காணாததை நான் ஒருத்தரிலையும் போடமாட்டன்.”

“வியாழக்கிழமை கூட்டமெல்லே!”

“ஓம்.”

நான் இறங்கும் இடத்துக்கு ஏழு நிறுத்தம் இருந்தது. ஏழிலும் கதவு திறந்து மூடியது. ஏழாவதில், “போயிட்டு வாறன் பிள்ளை” என்றேன். அதுதான் நான் பேசியது.

வியாழக்கிழமை நான் போகவில்லை. வயிற்றுவலி என்று மகளைக்கொண்டு சொல்வித்தேன். தொலைபேசியை எடுத்து லார்ஸின் இலக்கத்தை ஆறு இலக்கம்வரை அழுத்திவிட்டு வைத்தேன். இரண்டு இலக்கம் மிச்சம். என் வயதில், ‘மாஸ்டர்’ என்று அழைக்கப்படுகிறவன், பொய் எழுதிய பிள்ளையைப்போல ஒரு இளம் பொறுப்பாளனுக்கு முன்னால் நிற்பதா என்று நினைத்தேன். ஒரு கிழமை பொறுத்தால் எல்லாம் தணிந்துவிடும் என்றும் நினைத்தேன்.

அடுத்த செவ்வாய் போய்ச் சொன்னேன். நின்றபடியே சொன்னேன். லார்ஸ் என்னை இருக்கச் சொன்னான், தண்ணீர் தந்தான். மாணவி இன்னும் விமானச்சீட்டு எடுக்கவில்லை, நல்லவேளை என்றான். எனக்கு முன்னாலேயே பதினெட்டுக் கட்டத்தையும் வெறுமையாக்கினான். அதற்கு ஒரு நிமிடமும் எடுக்கவில்லை.

“அவருடைய நீடிப்பு?” என்று கேட்டேன்.

ஐந்தில் மூன்று பேருக்குத்தான் நீடித்திருக்கிறார்கள். அவருக்கு இல்லை.

“இந்த ஒன்பது வண்டாலா?”

“பல காரணங்கள்” என்றான் லார்ஸ். இன்னும் இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும் அதே இரண்டு சொற்கள். கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். எழுதினேன், மூன்று பக்கம். நன்றி, தீர்மானம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.

அவருடைய கடைசி நாள் ஒரு வியாழன். சில்க்போர்க்கில் மீண்டும் பெரியவர்களைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றில் வேலை எடுத்திருந்தார். அந்த முதுகோடு. வாசல் அட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது நான் பஸ் தரிப்பில் காத்திருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது.

“நான்தான் பிள்ளை போட்டனான்.”

“ஓம், லார்ஸ் சொன்னவர்.” கோபம் ஒன்றும் தெரியவில்லை. கோபம் இருக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். தெரியவில்லை, அவ்வளவுதான். “ஏன் மாஸ்டர் ஆனையிறவைப் போட்டனீங்கள்?”

“வெறுமையா இருந்தது. நீரும் உம்மட ஊர் எண்டு ஆசைப்பட்டனீர்…”

“ஆசைப்பட்டனான்தான்” என்றார். “அதாலதான் எழுதாமல் விட்டனான்.”

பஸ் வளைவில் தெரிந்தது. நான் அவருடைய பையின் வாரைப் பிடித்தேன். அப்படி ஒரு பெண்ணின் பையைப் பிடித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம்.

“என்னாலயோ உம்மட வேலை போனது? சொல்லும்.”

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், பஸ் வந்து நின்று கதவைத் திறக்கும்வரை யோசித்தார்.

“தெரியாது, மாஸ்டர்.”

“இல்லை எண்டு ஒருக்காச் சொல்லும் பிள்ளை. சும்மா எண்டாலும் சொல்லும். எனக்கு நித்திரை வராது.”

என் கையை வாரிலிருந்து எடுத்து, ஒரு வண்டைத் திரும்ப லாச்சியில் வைப்பதுபோல, என் மேற்சட்டைப் பையின் பக்கம் கொண்டுபோய் விட்டார். “குளிருது, கையை உள்ளுக்கை வையுங்கோ” என்றார். “எனக்குத் தெரிஞ்சால் சொல்லியிருப்பன்.” ஏறிப் போனார்.

நான்கு வருடமாகிறது. இந்தக் கதையை இதுவரை பதினொரு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். என் மகள், மருமகன், பிராண்டேயில் கூட வேலை செய்த மூன்று பேர், கோயிலில் நான்கு பேர், என் வைத்தியர், ஒருநாள் ரயிலில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவர். பதினொரு பேரும் உடனே, ஒரு நொடிகூட யோசிக்காமல், “சீச்சீ, அது உங்களால இல்லை” என்றார்கள். ஒருவரும் அங்கே இருக்கவில்லை. எனக்கு அதில் ஒன்றாவது போதுமாயிருந்திருக்க வேண்டும். போதவில்லை. போன கிழமை சில்க்போர்க் இல்லத்தின் இலக்கத்தைத் தேடி எடுத்தேன். இந்தமுறை எட்டு இலக்கத்தையும் அழுத்தினேன். அவர்தான் எடுத்தார். “முதுகு எப்பிடிப் பிள்ளை?” என்று மட்டும் கேட்டேன்.

“நோகுது, மாஸ்டர்” என்றார்.